மூட்டைச் சிதைத்தது யார்?

கொசு நடத்திய போர்கள் – 12

1928-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் நரண்டெரா, ஹே என்ற இரு சிற்றூர்களில் புதுவித நோய் ஒன்று பரவியது. மூட்டுகளில் வலி, உடம்பில் தடிப்பு. உயிர் போகவில்லை, ஆனால் வலி எளிதில் விடவும் இல்லை. நிம்மோ என்ற மருத்துவர் இதை ‘வழக்கத்துக்கு மாறான கொள்ளைநோய்’ என்று மருத்துவ இதழில் பதிவு செய்தார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வட ஆஸ்திரேலியாவில் முகாமிட்டிருந்த படைவீரர்களையும் இதே நோய் படுக்கவைத்தது. ‘கொள்ளைநோய் மூட்டழற்சி’ என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் பிடிபடவில்லை.

விடை கொசுவின் வயிற்றில் இருந்தது. 1959-ல் குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில், ராஸ் ஆற்றுப் பக்கம் பிடித்த ஏடிஸ் விஜிலாக்ஸ் கொசுக்களிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள் டோஹர்ட்டியும் அவரது குழுவினரும். உப்புச் சதுப்பு நிலங்களில் பெருகும் கொசு அது. நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் தென்பட்டன. ஆற்றின் பெயரே வைரஸுக்கும் வாய்த்தது: ராஸ் ரிவர் வைரஸ். கங்காருக்களும் வாலபிகளும் அதன் இருப்பிடம். அவற்றிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவருவது கொசு. 1979-ல் அது கடல் தாண்டி ஃபிஜிக்குப் போய்ப் பல்லாயிரம் பேரை முடக்கியது.

குற்றவாளி சிக்கியாயிற்று. ஆனால் குற்றம் எப்படி நடந்தது? வீங்கிய மூட்டிலிருந்து நீரெடுத்து ஆராய்ந்தவர்களால் அதிலிருந்து உயிருள்ள வைரஸை வளர்க்க முடியவில்லை. மாறாக, நம் எதிர்ப்புச் சக்தியின் செல்கள் அதில் நிறைந்து கிடந்தன.

புதிர் அவிழ்ந்தது எலிகளில். கான்பெரா ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட சோதனை இது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைச் சிலிக்கா கொடுத்து முடக்கிவிட்டு, எலிகளுக்கு வைரஸைச் செலுத்தினார்கள். வழக்கமாகத் தசை சிதைந்து பின்னங்கால்கள் துவண்டுவிடும். இந்த எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. இத்தனைக்கும் அவற்றின் உடம்பில் வைரஸ் குறையவே இல்லை. திருடனைத் துரத்தி வந்த ஊர்க்காரர்கள் வீட்டை இடித்துவிட்டுப் போன கதைதான்.

அடுத்த சந்தேகம் எதிர்ப்புச் சக்தியின் டி செல்கள், பி செல்கள் மீது விழுந்தது. 2006-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாரிசன், ஹைஸ் குழுவினர் இவை இரண்டுமே இல்லாத எலிகளைச் சோதித்தார்கள். அவற்றுக்கும் நோய் கடுமையாகவே வந்தது. மறு ஆண்டு, ரத்தத்திலுள்ள ‘காம்ப்ளிமென்ட்’ புரதத் தொகுதியைக் கவனித்தார்கள். அதில் சி3 என்ற புரதம் இல்லாத எலிகளின் தசைக்குள்ளும் அழற்சிச் செல்கள் வந்து குவிந்தன. ஆனால் சிதைவு மிகவும் குறைந்திருந்தது. ஆக, செல்கள் வந்து சேர்வதால் மட்டும் தசை சிதைவதில்லை. சிதைக்கும் வேலைக்கு இந்தப் புரதமும் வேண்டும்.

அப்படியானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிட்டால் வலி போய்விடாதா? அதையும் பார்த்துவிட்டார்கள். முடக்குவாதத்துக்குத் தரும் எட்டனர்செப்ட் மருந்தை வைரஸ் தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது நோய் முற்றியது என்கிறது 2011-ல் வந்த ஆய்வு. வலியைத் தருவதும் வைரஸை அடக்குவதும் ஒரே படை. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கலைத்தால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம்.

நமக்கு நன்றாகத் தெரிந்த சிக்குன்குனியா, ராஸ் ரிவரின் நெருங்கிய உறவு. இரண்டுமே ஆல்ஃபா வைரஸ்கள். செல்லுக்குள் நுழைய இரண்டும் ஒரே புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன என்பது 2018-ல் தெரியவந்தது. ஆகவே, ஆஸ்திரேலிய எலி சொன்ன பாடம் நமக்கும் உரியது. காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் படுத்தவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டை மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கி விழுங்கக் கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் வேண்டாம். ஓய்வு, நீராகாரம், மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் – இவைதான் முதலுதவி.

அந்தச் சிக்குன்குனியா முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1952-ல், இன்றைய தான்சானியாவின் மகோண்டே பீடபூமியில். 1964-ல் அது சென்னைக்கும் வேலூருக்கும் வந்த கதை, அடுத்த வாரம்.