எம்ப்டி சிடியும் எரிச்சல் பிடித்த கார் பிளேயரும்

ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாட்டு பொறுக்கி, வரிசை போட்டு, சிடி ரைட் பண்ணி, மேலே மார்க்கர் பேனாவால் அழகாகப் பேரும் எழுதி, காலையில் காரில் கொண்டுபோய்ச் செருகினால்... உள்ளே 'கிர்ர்... கிர்ர்...' என்று இரண்டு தடவை முனகிவிட்டு, 'எர்ரர்' என்று வெளியே துப்பும். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொஞ்சம் பழைய கார் வைத்திருந்த ஏகப்பட்ட பேருக்கு இது தினப்படி அனுபவம். அதே சிடி வீட்டு கம்ப்யூட்டரில் ஜம்மென்று பாடும். கடையில் காசு கொடுத்து வாங்கிய சிடி அதே காரில் ஜம்மென்று பாடும். தனித்தனியா ரெண்டும் தங்கம். சேர்த்து வச்சா மட்டும் தகராறு. நம்ம சீரியல் மாமியார் மருமகள் கதைதான் :-)

இதில் யார் மேல் தப்பு என்று தோண்டிப் பார்த்தால் விஷயம் 1980 வரைக்கும் போகிறது. ரொம்ப சுவாரசியமான கதை, அதனால கொஞ்சம் பொறுமையா வாங்க.

அதற்கு முன்னால் ஒரு குட்டி பிளாஷ்பேக். வீட்டுப் பாட்டு காரில் ஓடாத கதை சிடியோடு ஆரம்பிக்கவில்லை. 1956 மாடல் கார்களுக்கு கிரைஸ்லர் கம்பெனி 'ஹைவே ஹை-ஃபை' என்று ஒரு ரெக்கார்டு பிளேயரையே காருக்குள் வைத்தது. ஆமாங்க, முள் வைத்து ஓடும் நிஜமான இசைத்தட்டு, ஓடுற கார்ல! ஆனால் அதற்கு 7 அங்குல அளவில், நிமிடத்துக்கு 16⅔ சுற்று வேகத்தில் ஓடும் தனி ரெக்கார்டு வேண்டும். அதை கொலம்பியா கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். வீட்டில் இருக்கும் ரெக்கார்டு அதில் ஓடாது. திட்டம் சில வருஷங்களில் படுத்துவிட்டது. பிறகு 8-டிராக் வந்தது, 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட் மெதுவாக காருக்குள்ளும் நுழைந்தது. கேசட்டின் பெருமையே, வீட்டில் பதிவு செய்ததை அப்படியே காரில் போடலாம் என்பதுதான். எந்த கேசட்டும் எந்த டெக்கிலும் பாடும். கொஞ்சம் அழுதுகிட்டே பாடும், ஆனா பாடும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1980-ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடிக்கான இலக்கணத்தை எழுதினார்கள். அட்டையின் நிறத்தால் அதற்கு 'ரெட் புக்' என்று பெயர். 12 சென்டிமீட்டர் வட்டு, 1.2 மில்லிமீட்டர் தடிமன், 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே 1.6 மைக்ரான் இடைவெளி, நொடிக்கு 44,100 மாதிரிகள். (இந்த 44,100 ஏதோ ஞானி சொன்ன எண் இல்லை. அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரி, 245 வரி, நொடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்க. ஐரோப்பிய டிவி முறையில் 3, 294, 50. அதுவும் அதே விடைதான்!) 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் பிளேயர்கள் விற்பனைக்கு வந்தன. 1984-லேயே பயோனியர் 'சிடிஎக்ஸ்-1' என்று காருக்கான சிடி பிளேயரைக் கொண்டுவந்துவிட்டது.

நம்ம கதைக்கு முக்கியமான ஒரு வரி அந்த ரெட் புக்கில் இருக்கிறது. வட்டின் மேல் விழும் லேசர் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதம் திரும்பி வர வேண்டும். கடையில் விற்கும் சிடி பிளாஸ்டிக்கில் அச்சடித்து, மேலே அலுமினியம் பூசிய கண்ணாடி மாதிரியான சமாச்சாரம். அதற்கு 70 சதவீதம் எல்லாம் ஜுஜுபி.

இப்போது கார் பிளேயர் வடிவமைக்கும் எஞ்சினியர் இடத்தில் நின்று பாருங்கள். வெயிலில் நிற்கும் கார், உள்ளே அடுப்பு மாதிரி சூடு. ரோட்டில் பள்ளம். ஒரு மைக்ரானுக்கும் குறைவான அகலத் தடத்தை லேசர் விடாமல் பிடிக்க வேண்டும். ஆரம்பகால பிளேயர்களில் பாட்டை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் மெமரி கிடையாது. ஸ்பிரிங்கும் ரப்பரும் வைத்துத்தான் அதிர்ச்சியைத் தாங்கினார்கள். இவ்வளவு தொல்லைக்கு நடுவில் ஒரே ஒரு விஷயம் நிச்சயம்: திரும்பி வரும் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். புத்தகத்திலேயே எழுதியிருக்கே! அதை நம்பித்தான் சர்க்யூட்டை அமைத்தார்கள். வட்டு உள்ளே போனதும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து வெளிச்சத்தைத் தேடும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்தால் 'உள்ளே சிடியே இல்லை' என்று முடிவு கட்டிவிடும். அதுதான் அந்த 'கிர்ர்... கிர்ர்...'.

நம்ம தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. எதிர்ப்பக்கம் இருந்து வரும் டேட்டா எப்பவும் சுத்தமா இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால், அதை நம்பித்தான் கோடு எழுதுவோம். பத்து வருஷம் கழித்து வேறு யாரோ வேறு மாதிரி டேட்டா அனுப்பினால் புரோகிராம் படுக்கும். எழுதினவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

அந்த 'வேறு மாதிரி' 1988-ல் வந்தது. ஜப்பானின் தைய்யோ யூடன் கம்பெனி, சாயத்தால் வேலை செய்யும் எழுதக்கூடிய சிடியை அறிமுகப்படுத்தியது. இதில் அச்சடித்த குழிகள் கிடையாது. மெல்லிய சாயப் படலம், அதன் மேல் தங்கமோ வெள்ளியோ பூசிய படலம். ரைட்டரின் லேசர் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கும். படிக்கும் லேசருக்கு அந்தப் புள்ளி குழி மாதிரியே தெரியும். இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், வெளிச்சம் சாயத்துக்குள் போய், பூச்சில் பட்டு, மறுபடி சாயத்தைக் கடந்து வந்தும் 65 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்படி செய்துவிட்டார்கள். எழுதுவதற்கு வெளிச்சத்தை உறிஞ்ச வேண்டும், படிப்பதற்கு உறிஞ்சக் கூடாது, இரண்டும் ஏறக்குறைய அதே 780-ல்! பழைய பிளேயர்களில் ஓட வேண்டும் என்பதற்காகவே பட்ட பாடு இது. பின்னோக்கிய ஒத்திசைவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சாயத்தில் மூன்று ஜாதி. சயனின் (பச்சை கலந்த நீலம்), தாலோசயனின் (கிட்டத்தட்ட நிறமே தெரியாது), மிட்சுபிஷியின் அசோ (ஆழ்ந்த நீலம்). 'என் காரில் நீலம்தான் ஓடும்', 'என் காரில் பச்சைதான் ஓடும்' என்று ஜனங்கள் சண்டை போட்டதில் மூடநம்பிக்கை பாதி, உண்மை பாதி. ஒவ்வொரு சாயத்துக்கும் ரைட்டர் லேசரை வேறு வேறு விதமாகச் சூடாக்க வேண்டும். ரைட்டருக்கும் சிடிக்கும் பொருத்தம் சரியில்லை என்றால் புள்ளிகளின் ஓரம் மங்கலாக விழும். கம்ப்யூட்டர் டிரைவ் அதைச் சமாளித்துவிடும். விளிம்பில் நிற்கும் கார் பிளேயர் சமாளிக்காது.

இந்த விளையாட்டு ஆரம்பத்தில் பணக்காரர்களுக்கு மட்டும்தான். 1995-ல் ஹெச்பி கொண்டுவந்த 4020ஐ ரைட்டர் ஆயிரம் டாலருக்குக் கீழே வந்ததே பெரிய செய்தி. நடுவில் டேட்டா ஒரு நொடி தாமதமானாலும் சிடி குப்பை (டீ டம்ளர் வைக்க உதவும்). 2000-ல் சான்யோவின் 'பர்ன்-புரூஃப்' வந்து அந்தத் தலைவலியைத் தீர்த்தது. அதற்கு முந்தின வருஷம்தான் நாப்ஸ்டர் ஆரம்பித்திருந்தது. பாட்டு ஓசி, ரைட்டர் மலிவு, எம்ப்டி சிடி கடலை மிட்டாய் விலை. இத்தனையும் சேர்ந்து வந்து முட்டிய இடம் பழைய கார் பிளேயர்.

முட்டினதில் பல தினுசு. சிடி-ஆர்டபிள்யூ என்று 1997-ல் அழித்து எழுதும் வட்டு வந்தது. சாயத்துக்குப் பதில் உலோகக் கலவை. திரும்பி வரும் வெளிச்சம் வெறும் 15 முதல் 25 சதவீதம். பழைய கார் பிளேயருக்கு இது கும்மிருட்டு. சத்தியமா ஓடாது, எத்தனை தடவை துடைத்துப் போட்டாலும் ஓடாது.

அடுத்தது 'மூடாத' சிடி. சிடியின் உள் ஓரத்தில் பொருளடக்கம் இருக்கும்: எத்தனை பாட்டு, எது எங்கே ஆரம்பம் என்று. சிடி-ஆரில் இந்தப் பக்கத்தைக் கடைசியில்தான் எழுதுவார்கள். 'அப்புறம் இன்னும் ரெண்டு பாட்டு சேர்த்துக்கலாம்' என்று மூடாமல் விட்டால், ரைட்டருக்கு மட்டும் புரியும் தற்காலிகக் குறிப்பு ஒன்றுதான் இருக்கும். கார் பிளேயர் பொருளடக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். இரண்டு தவணையாக எழுதினால், ஆடியோ பிளேயருக்கு முதல் தவணை மட்டும் தெரியும். ஒவ்வொரு பாட்டாக லேசரை நிறுத்தி நிறுத்தி எழுதினால் நடுவில் 2 நொடி மௌனம் விழும், சில பிளேயர்களில் 'டிக்' சத்தமும் வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதச் சொன்னார்கள்.

700 எம்பி, 80 நிமிட சிடி இன்னொரு வில்லன். அதிக நேரம் அடைக்க, தடங்களை இலக்கணத்தின் எல்லைக்கே நெருக்கிவிட்டார்கள். 74 நிமிட வட்டு ஓடும் காரில் 80 நிமிட வட்டு கடைசிப் பாட்டுகளில் தடுக்கும். எம்பி3 கோப்புகளை அப்படியே காப்பி பண்ணி 'நூறு பாட்டு ஓடும்டா' என்று போட்டவர்கள் கதை தனி. பழைய பிளேயருக்கு கோப்பு என்றாலே என்னவென்று தெரியாது பாவம். அதற்குத் தெரிந்தது ரெட் புக் ஆடியோ மட்டும்.

மெதுவாக எழுதினால் ஓடும் என்ற வேதவாக்கும் பாதிதான் சரி. 4 எக்ஸ் காலத்து வட்டுக்குச் சரி. பின்னாடி வந்த வட்டுகளின் சாயமே 48 எக்ஸுக்காகத் தயாரானது. அதை 1 எக்ஸில் வறுத்தால் தீயும். யமஹா இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. வட்டை வேகமாகச் சுற்ற வைத்துப் புள்ளிகளை நீட்டமாக எழுதும் ஒரு முறை. 74 நிமிட வட்டில் 63 நிமிடம்தான் அடங்கும், ஆனால் பிளேயருக்குப் படிக்க சுகம். 'மியூசிக்' என்று போட்டு அதிக விலைக்கு விற்ற எம்ப்டி சிடி காரில் நன்றாக ஓடும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் கூடுதல் காசு 1992-ன் அமெரிக்கச் சட்டப்படி இசைக் கம்பெனிகளுக்குப் போகும் வரி. அந்த வட்டில் கூடுதலாக இருப்பது ஒரு அடையாளக் குறி, அவ்வளவுதான். (பேப்பர் லேபிள் ஒட்டினவர்களைப் பற்றி என்ன சொல்ல! கார் சூட்டில் பசை இளகி, செருகும் வாயில் மாட்டிக்கொண்டால் பிளேயரோடு போச்சு.)

இதுவரைக்கும் நடந்ததில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புத்தகத்தை நம்பினவர் ஒரு பக்கம், புத்தகத்துக்குள் அடங்க முயன்றவர் மறுபக்கம். ஆனால் 2001, 2002 வாக்கில் நடந்தது வேறு. வீட்டில் காப்பி எடுப்பதைத் தடுக்க இசைக் கம்பெனிகள் வேண்டுமென்றே இலக்கணம் தப்பிய சிடிகளை விற்றன. பொய்யான பொருளடக்கம், குழப்பும் இரண்டாவது தவணை. கம்ப்யூட்டரை ஏமாற்றச் செய்தது இது. ஆனால் அந்தச் சமயத்தில் பல கார் பிளேயர்களுக்குள்ளும் கம்ப்யூட்டர் டிரைவின் உறுப்புகள்தான் இருந்தன. காசு கொடுத்து வாங்கிய சிடி காரில் திணறியது! 2002-ல் செலின் டியானின் ஆல்பம் ஐரோப்பாவில் ஆப்பிள் கம்ப்யூட்டர்களை மாட்டவைத்தது. வட்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டால் பூட்டு திறக்கும் என்று ஜனங்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். இதெல்லாம் சிடியே இல்லை, எங்கள் முத்திரையைப் போடாதே என்று பிலிப்ஸே சொன்னது. எந்த வட்டும் எந்தப் பெட்டியிலும் பாடும் என்ற வாக்கை சாயம் மீறவில்லை, முதலாளிகள்தான் மீறினார்கள் என்பது என் கட்சி.

கார்களுக்கு எம்பி3 படிக்கத் தெரிந்தது, பின்னால் யுஎஸ்பி வந்தது, புளூடூத் வந்தது, சிடி வாயே காணாமல் போனது. தைய்யோ யூடன் 2015-ல் வட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம்ம ஊர்க்காரர்களுக்கு மோசர் பேர் ஞாபகம் இருக்கும். எம்ப்டி சிடியில் உலக அளவில் பெரிய ஆள், 28 ரூபாய்க்குத் தமிழ்ப் பட விசிடி விற்ற கம்பெனி. அதுவும் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது.

வட்டுகள் மட்டும் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று. பாட்டி பாடிய கேசட்டிலிருந்து 2004-ல் ஏற்றியது, மூல கேசட் இப்போது இல்லை. அச்சடித்த குழி வெளிச்சத்துக்கு அழியாது, சாயம் அழியும். டேஷ்போர்டில் வெயில் பட்ட வட்டு சீக்கிரம் போகும், அதிலும் சயனின். பழைய கார் பிளேயர் ஒரு வட்டைத் துப்புகிறது என்றால் இரண்டு வாய்ப்பு: பிளேயரின் லேசர் வயசாகி மங்கியிருக்கலாம், இல்லை வட்டின் சாயம் வெளுக்க ஆரம்பித்திருக்கலாம். கடையில் வாங்கிய ஒரு சிடியைப் போட்டுப் பாருங்கள். அது பாடினால் வட்டின் மேல் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்டதை மறுபடி மறுபடி காரில் போடாமல், கம்ப்யூட்டர் டிரைவில் குறைந்த வேகத்தில், பிழை பார்த்துப் பார்த்துப் படிக்கும் மென்பொருளால் எடுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், அதனால் இரண்டு மூன்றில் போட்டுப் பார்ப்பது நல்லது. பாட்டியின் வட்டில் கடைசிப் பாட்டு மட்டும் மூன்றாவது டிரைவில்தான் வந்தது.