சஸ்பெண்ட் பண்ணா சரியாயிடுமா?

2019 ஆகஸ்ட் 15. விருதுநகர் காமராஜர் நினைவு இல்லத்தைச் சுத்தம் பண்ண எட்டு காலேஜ் பசங்களுக்கு உத்தரவு. அருப்புக்கோட்டையில குடிச்சிட்டு வகுப்புக்கு வந்தவங்க. மூணாம் வருஷம் சேர்க்க மாட்டோம்னு நிர்வாகம் சொல்ல, கேஸ் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போச்சு. பகல்ல துடைப்பம், சாயந்திரம் மதுவுக்கு எதிரா பிரச்சாரம், அப்புறம் படிப்பைத் தொடரலாம். அப்ப நானும் கைதட்டினவன்தான். (காமராஜர் வீட்டைப் பெருக்குறது தண்டனையா, பாக்கியமா?) ஆனா ஒண்ணு உறுத்துது. சங்கடப்பட்டது அந்த வகுப்பும் வாத்தியாரும் இல்லையா?

1996 நவம்பர்ல அண்ணாமலைப் பல்கலை மருத்துவ மாணவர் நாவரசு கொலை. அடுத்த வருஷமே தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. 2007ல ராகவன் கமிட்டி, 2009ல யுஜிசி விதிகள். கொலைக்கு ஜெயில்தான், அதுல ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனா யுஜிசி தண்டனைப் பட்டியலைப் பாருங்க: சஸ்பெண்ட், ரிசல்ட் நிறுத்தம், ஹாஸ்டல் நீக்கம், டிஸ்மிஸ். பாதிக்கப்பட்டவன் முன்னாடி உட்கார்ந்து பதில் சொல்லுன்னு அதுல இல்லை.

முள்ளிப்பட்டுல இருந்து ஹாஸ்டல் போன புதுசுல, சட்டையைக் கழட்டி தறி நெய்யிற மாதிரி நடிக்கச் சொன்னார் ஒரு சீனியர். ரெண்டு வாரம் சஸ்பெண்ட் ஆனார். திரும்பி வந்தப்புறம் என்னைப் பார்த்தாலே வேற பக்கம் போயிடுவார். எங்கப்பா தறியை எதுக்குண்ணா கேலி பண்ணீங்கன்னு கேக்க வாய்ப்பே கிடைக்கல.

கனடாவுல எல்மைரான்னு சின்ன ஊர். 1974ல ரெண்டு பசங்க ஒரே ராத்திரியில 22 இடங்களை நாசம் பண்ணாங்க. மார்க் யான்ட்சின்னு ஒரு நன்னடத்தை அதிகாரி, இவங்களையே வீடு வீடா கூட்டிட்டுப் போய் பேச வெச்சா என்னன்னு கேட்டார். நீதிபதியும் ஒத்துக்கிட்டார். பசங்க கதவைத் தட்டினாங்க, நஷ்டத்தைக் கேட்டாங்க, காசையும் கட்டினாங்க. அதுல ஒருத்தரான ரஸ் கெல்லி பிற்காலத்துல இதே சமரச வேலைக்கு வந்தார்.

அதே கனடாவுல 2014 டிசம்பர்ல டல்ஹௌசி பல் மருத்துவ மாணவர்கள் 13 பேர் சம்பந்தப்பட்ட ஃபேஸ்புக் குழு மாட்டுச்சு. கூடப் படிக்கிற பெண்களைப் பத்தி வக்கிரமான பதிவுகள். டிஸ்மிஸ் பண்ணுன்னு ஊரே கத்துச்சு. பாதிக்கப்பட்ட பெண்கள்ல சிலர் இந்தப் பேச்சுவழியைத் தேர்ந்தெடுத்தாங்க. மாசக்கணக்கா நடந்து 2015 மேயில அறிக்கை வந்துச்சு. ஆனா இதுக்கு ஒத்துக்கச் சொல்லி அழுத்தம் இருக்குன்னு நாலு மாணவிகள் கடிதமும் எழுதினாங்க. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துலயும் இதானே வியாதி? "போனா போவுது விடும்மா"ன்னு அடிபட்டவங்களையே அமுக்குறது.

2024 ஜூலையில இருந்து நம்ம புது சட்டத்துலயும் சில சின்னக் குற்றங்களுக்கு சமூக சேவை உண்டு. சரி, திரும்பவும் துடைப்பம். எனக்கு அந்த சீனியர் எதையும் பெருக்க வேணாம். அவரா இஷ்டப்பட்டு வந்தா, அரை மணி நேரம் எதிர்ல உட்காரட்டும்.