ஓத்துப்பள்ளியும் மக்தபும்: நம் ஊர்களில் அரபு கற்பித்த முறைகள்

மதீனாவுக்கு வந்த பின்னர் நபி (ஸல்) அவர்கள், இளைஞராயிருந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். வரும் மடல்களைப் படித்துச் சொல்லவும், மறுமொழி எழுதவும் நம்பிக்கைக்குரிய ஒருவர் தேவைப்பட்டார். அரை மாதத்திற்குள் அதில் தேர்ந்துவிட்டதாக ஸைத் (ரலி) அவர்களே கூறும் செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. அம்மொழி அரபுக்கு உறவானது என்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி, எதற்காகக் கற்கிறோம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவு.

நம் பிள்ளைகள் ஐந்தாறு ஆண்டுகள் மக்தபுக்குச் செல்கின்றனர். தஜ்வீது வழுவாமல் ஓதுகின்றனர். சிறிய சூராக்களை மனப்பாடமாகச் சொல்கின்றனர். ஓதியதன் பொருளைக் கேட்டால் தலை கவிழ்கின்றனர். இதற்கு உஸ்தாதுமார்களைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமன்று. அவர்கள் கையாளும் முறை எந்த நோக்கத்திற்காக உருவானதோ, அந்த நோக்கத்தை அது இன்றளவும் குறைவின்றி நிறைவேற்றி வருகிறது.

தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு, தக்கலை, கோட்டாறு, குளச்சல் ஆகிய நம் ஊர்களில் அந்த இடத்தை முன்னோர் ஓத்துப்பள்ளி என்றனர். ஓதக் கற்பிக்கும் இடம் என்று பொருள். மக்தப் என்ற அரபுச் சொல்லுக்கோ எழுதும் இடம் என்று பொருள். ஒரே கூடத்திற்கு வழங்கிய இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ள தூரத்திலேயே நம் கல்வி வரலாற்றில் பாதி அடங்கியிருக்கிறது. பிள்ளைக்குத் தொழுகை கடமையாகும் முன்னர் அதன் நாவு குர்ஆனுக்குப் பழக வேண்டும் என்பதே ஓத்துப்பள்ளியின் இலக்கு. எனவே பலகையில் எழுத்து, எழுத்தோடு ஒலி, ஒலியைக் கூட்டாகப் பாடுதல் என்று அது அமைந்தது. அலிஃபுக்கு ஜபர் 'அ', ஜேர் 'இ', பேஷ் 'உ' என்று தமிழகத்து மக்தபுகள் பலவற்றில் இன்றும் கேட்கிறோமே, அந்த ஜபரும் ஜேரும் அரபுப் பெயர்களே அல்ல, பாரசீகப் பெயர்கள். தமிழ்ப் பிள்ளை அரபு எழுத்தைப் பாரசீகக் கலைச்சொல்லால் கற்பது வேடிக்கைதான்.

பொருளறியாமல் ஒலியைப் பழகுவது நம்மிடம் மட்டும் இருந்த வழக்கமும் அன்று. 1540களில் நம் கடற்கரையில் சமயப் பணி செய்த பிரான்சிஸ் சேவியர், தமிழில் பெயர்க்கப்பட்ட வேண்டுதல்களை மனனம் செய்துகொண்டு, அவற்றை மக்களைத் திரும்பச் சொல்ல வைத்தே கற்பித்தார். தமிழை ஆழக் கற்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை.

ஓதலுக்கு அப்பால் பொருளை நாடிய மாணவருக்கு வேறொரு பாதை இருந்தது. அது இலக்கணத்தின் பாதை. மீஸான் தொடங்கி, ஆயிரம் அடிகளில் இலக்கணத்தைப் பாட்டாக்கிய இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா வரை கிதாபுகளை வரிசையாக ஓதி முடிக்க வேண்டும். ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் எல்லா வடிவங்களையும் ஒப்புவிக்க வேண்டும். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் உதாரணமாக ஸைத் என்பவர் அம்ரை அடிப்பார். நூற்றாண்டுகளாக அடித்துக்கொண்டே இருக்கிறார், அம்ரு செய்த குற்றம் என்னவென்று எந்தக் கிதாபிலும் இல்லை! 19ஆம் நூற்றாண்டில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹழ்ரத் அவர்கள் வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் உள்ளிட்ட மதரஸாக்கள் இம்முறையால் பேரறிஞர்களை உருவாக்கின. ஃபிக்ஹு நூலொன்றின் கடினமான வாக்கியத்தைப் பிரித்து உணர்வதில் அவர்களுக்கு நிகரில்லை. ஆனால் பத்தாண்டுகளைக் கல்விக்கே ஒப்படைத்தவருக்கு உரிய முறை அது. மீன்பிடிப்போருக்கும் நெய்வோருக்கும் வணிகருக்கும் எட்டக்கூடியதாக அது இருக்கவில்லை.

அவர்களுக்காகவே நம் முன்னோர் அரபுத் தமிழைக் கண்டனர். அரபு எழுத்துகளோடு சில புள்ளிகளைக் கூட்டித் தமிழின் தனி ஒலிகளுக்கு வடிவம் தந்து, அவ்வெழுத்தில் தமிழையே எழுதினர். ஓத்துப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் கற்ற ஒரு பெண், அந்த ஒரே திறனைக்கொண்டு தொழுகையின் சட்டத்தையும் நபிமார் வரலாற்றையும் தன் சொந்த மொழியில் படித்துக்கொள்ள முடிந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் எழுத்துப்பணி இம்மரபின் உச்சம். அரபுச் சொல்லும் தமிழ் விளக்கமும் ஒரே எழுத்தில் அடுத்தடுத்து வந்தமையால், படிப்பவர் அறியாமலேயே அரபுச் சொற்கள் அவர் நாவில் ஏறின. இதை எழுத்துமுறையின் வரலாறாக மட்டுமே பேசி வருகிறோம். தாய்மொழியின் தோளில் ஏற்றி இரண்டாம் மொழியைக் காட்டிய கற்பித்தல் முறையாகவும் இதைக் காண வேண்டும் என்பது நம் எண்ணம். அச்சுத் தமிழ் பரவியபின் இந்த எழுத்து மங்கியது. அதனிடத்தில் அதே பணியைச் செய்ய வேறொன்று வரவில்லை.

நம் மாவட்டத்திற்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடும், பின்னர் திரு-கொச்சியோடும் இருந்த பகுதி. பள்ளிக்கூடத்தின் மொழியாக மலையாளம் ஓங்கி நின்றது. இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் பள்ளியில் மலையாளம் பயின்றார்; தமிழைச் சங்கரநாராயண அண்ணாவி என்ற புலவரிடம் தனியே கற்றார். அவரே 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருசேர நினைவில் நிறுத்திச் சதாவதானி ஆனார். மனப்பாடத்தை ஏளனம் செய்யும் இன்றைய கல்வியாளர் ஒரு கணம் இவரை எண்ணிப் பார்க்கலாம். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானும் மலையாள வழியில் படித்துத் தமிழுக்கு வந்தவரே. அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவதை முதலாளி எதிர்க்கிறார். மொழியோடு மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் அக்காலத்தில் மெய்யாகவே இருந்தது. அதே அரசில் வாழ்ந்த வக்கம் மௌலவி (1873–1932) அந்த அச்சத்திற்கு வேறு விடை கண்டார். அரசுப் பள்ளிகளிலேயே அரபையும் கற்பிக்க வேண்டுமென்று முயன்று வெற்றியும் கண்டார். அவர் முயற்சியால் அரபு, கால அட்டவணையும் தேர்வும் உடைய ஒரு பாடமாயிற்று.

இதற்கிடையே ஆங்கிலம் கற்பிக்கும் முறை உலகெங்கும் உருமாறிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் 1819இல் தொடங்கி, பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த செமினரியின் காலத்தில் இலக்கணமும் மொழிபெயர்ப்புமே வழி. 1878இல் அமெரிக்காவில் பெர்லிட்ஸ் என்பவர் தம் பள்ளிக்கு ஒரு பிரெஞ்சுக்காரரை நியமித்தார். வந்தவருக்கு ஆங்கிலம் தெரியாது. பெர்லிட்ஸோ நோயுற்றுப் படுத்துவிட்டார். அவர் தேறி வந்து பார்த்தபோது, பொருளைச் சுட்டியும் சைகை காட்டியும் நடந்த வகுப்பில் மாணவர்கள் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தனர். தாய்மொழியை வகுப்பிலிருந்து விலக்கும் நேர்முறை இவ்வாறு புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினருக்கு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து மொழி கற்பித்தனர். 1950களின் இறுதியில் சென்னை மாநிலம் எங்கும் ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்புகளை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி தரப்பட்டது. புதிதாகத் தமிழகத்தோடு இணைந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் மேசையையும் நாற்காலியையும் சுட்டி ஆங்கிலம் கற்றனர். பின்னர் 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு, பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சில பள்ளிகளில் இலக்கணத்தை ஒதுக்கி, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொண்டு கணக்குப் போடவைத்தே ஆங்கிலம் கற்பித்துக் காட்டினார். அது உலக அளவில் பேசப்பட்டது.

அரபில் இந்த மாற்றத்தைச் செய்தவர் ஒரு தமிழகத்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். வாணியம்பாடியில் 1933இல் பிறந்த டாக்டர் வ. அப்துர் ரஹீம், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபு அறியாத மாணவர்களுக்காக 'துரூஸுல் லுகத்தில் அரபிய்யா' என்ற நூலை உருவாக்கினார். 2023இல் மதீனாவிலேயே மறைந்தார். அந்நூலில் விதி முன்னால் வராது. வீடு, பள்ளிவாசல், கதவு, பேனா என்று கண்முன் உள்ளவற்றைச் சுட்டும் சிறு வாக்கியங்கள் வரும். அவற்றின் வழியே விதி தானே வெளிப்படும். அடிபடும் அம்ருக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதீனாவின் வகுப்பில் ஆப்பிரிக்கரும் மலாயரும் துருக்கியரும் அருகருகே அமர்ந்திருந்தனர். அவர்களுக்குப் பொதுமொழி இல்லை. எனவே அரபைக்கொண்டே அரபைக் கற்பிப்பது அங்கே தேவையாயிற்று. பெர்லிட்ஸின் பள்ளியிலும் அப்படித்தான். ஆசிரியருக்கு மாணவரின் மொழி தெரியாத நிலையில் பிறந்தது அம்முறை. தக்கலை மக்தபில் உஸ்தாதும் இருபது பிள்ளைகளும் தமிழ் பேசுகிறவர்கள். அங்கே தமிழை வெளியே நிறுத்திவிட்டு அரபு கற்பிப்பதை நவீனம் என்று கொள்ள நம்மால் இயலவில்லை. மேலை நாட்டு ஆய்வாளர்களே இப்போது மொழிபெயர்ப்பை வகுப்பறைக்குத் திரும்ப அழைக்கின்றனர். 2010இல் கை குக் என்பவர் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். அரபுத் தமிழ் எழுதிய ஆலிம்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திராது.

நம் வீட்டுப் பேச்சில் அரபு ஏற்கெனவே பாதி கற்பிக்கப்பட்டிருக்கிறது. கிதாபு தெரிந்த பிள்ளைக்கு மக்தப் தெரியும். ஸஜ்தா தெரிந்த பிள்ளைக்கு மஸ்ஜித் தெரியும். தர்ஸ் தெரிந்தால் மதரஸாவும் தெரியும். முன்னால் 'ம' சேர்ந்தால் அச்செயல் நிகழும் இடம் என்று உஸ்தாத் தமிழில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஓர் இலக்கண விதி பிள்ளையின் கைக்கு வந்துவிடும். இல்ம், ஆலிம், முஅல்லிம் என்பதும் அவ்வாறே. சபுர் என்று பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளை, குர்ஆனில் ஸாபிரீன் என்ற சொல்லருகே ஒரு நொடி நிற்கும்.

ஃபஜ்ருக்குப் பின் பள்ளிக்கூட வேன் வரும் வரை கிடைப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை என்பது நமக்குத் தெரியும். ஓதலைக் குறைக்க வேண்டியதில்லை. கடமையான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 17 முறை ஓதப்படும் ஃபாத்திஹாவிலிருந்து, ஓதல் முடிந்ததும் பத்து நிமிடம், ஒரு சொல் போதும். ஹம்து, ரப்பு, தீன், ஸிராத் என்பவை பிள்ளைக்குப் பழகிய சொற்களே. நஃபுதுவில் இபாதத் இருக்கிறது. இஹ்தினாவில் ஹிதாயத் இருக்கிறது. அன்அம்தவில் நாம் அன்றாடம் பேசும் எந்தச் சொல் ஒளிந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு, உஸ்தாத் அன்றைய வகுப்பை முடிக்கலாம். நிஃமத் என்ற விடையோடு மறுநாள் காலை எவரேனும் ஒரு பிள்ளை ஓடிவரும்.