துணியில் எழுதிய நீர்வழி

மண்ணுக்கு மேலே நிற்கும் கட்டடத்தின் வரைபடம் காணாமற் போனால், கட்டடத்தையே அளந்து பார்த்து மறுபடியும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மண்ணுக்குள்ளே புதைந்து கிடக்கும் குடிநீர்க் குழாயின் வரைபடம் போய்விட்டால், தெருவைத் தோண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் எளிதில் அகப்படாது. குடிநீர் ஸ்தாபனங்களின் வரைபட அறையை வெறும் பழங்காகிதக் கிடங்கென்று நான் கருதாததற்குக் காரணம் இதுவே.

சென்னைப் பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 1772-இல் கோட்டையின் உபயோகத்துக்காக ஏழு கிணற்றிலிருந்து ஜலம் கொண்டுவந்தார்கள். பட்டணத்து ஜனங்களோ பின்னும் நெடுங்காலம் தத்தம் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தார்கள். பிரேஸர் என்னும் எஞ்சினீயர் 1866-இல் வகுத்த திட்டத்தை ஒட்டி, கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணையிலிருந்து சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து, வார்ப்பிரும்புக் குழாய்களின் மூலம் நகரத்துக்குள் விநியோகித்த ஏற்பாடு 1872-இல் நிறைவேறியது. அந்த நீர் 1914 வரையில் வடிகட்டப்படாமலே வந்தது. அவ்வாண்டில்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வேலை செய்யத் தொடங்கின. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கமும், 1978-இல் குடிநீருக்கென்று தனி வாரியமும் வந்தன.

இத்தகைய வேலைகளுக்கு அக்காலத்து வரைவாளர்கள் படம் எழுதியது பெரும்பாலும் டிரேசிங் துணியில். மெல்லிய துணிக்குக் கஞ்சியேற்றி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி மினுக்கியது அது. மை ஒட்டுவதற்காக அதன்மேல் சுண்ணப் பொடி தூவித் துடைத்துவிட்டு, கோடு போடும் பேனாவின் திருகாணியைத் திருகிக் கோட்டின் பருமனைச் சரிசெய்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் கோடு போடுவார்கள். நகரத்தின் நீர்வழியையெல்லாம் தாங்கிய அந்தத் துணிக்கு நீரே சத்துரு. ஒரு சொட்டு விழுந்தால் கஞ்சி கரைந்து, ஆறாத வடுப்போல் வெண்மையாகக் கறை நின்றுவிடும். உபயோகமற்ற படங்களை வெந்நீரில் அலசிக் கைக்குட்டையாக்கிக் கொண்டவர்களும் உண்டு என்பதை நினைக்கையில், எத்தனை தெருக்களின் ரகசியம் அவ்வாறு கரைந்து போயிற்றோ என்று மனம் வருந்துகிறது. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறைப்படி, இரும்பு உப்புப் பூசிய தாளின்மேல் அத்துணியை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் நீலப் பரப்பில் வெண்கோடாகப் பிரதி கிடைக்கும். பின்னால் வந்த அமோனியா பிரதியோ வெளிச்சம் பட்டால் மங்கிப்போகும்.

இப்பொழுது இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறார்கள். காலத்தினால் செய்யும் உதவி என்றே சொல்வேன். ஆயினும் இயந்திரத்துக்குத் தெரியாத நுட்பங்கள் இதில் உண்டு. துணியும் தாளும் ஈரக்காற்றில் விரிந்து, வறட்சியில் சுருங்குவதால், படத்தின்மேல் அளவுகோலை வைத்து எடுக்கும் தூரம் பொய்யாகும். பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையே மெய்யென்று கொள்ள வேண்டும். அந்த எண் 66 அடிச் சங்கிலிக் கணக்கில் இருந்தால் மீட்டருக்கு மாற்றவேண்டும். குழாய் எந்த வீட்டு மதில் மூலையிலிருந்து அளக்கப்பட்டதோ, அந்த மதிலே இடிந்து மறைந்திருந்தால், கோயில் கோபுரமோ பாலமோ பழைய எல்லைக்கல்லோ, இன்றும் பெயராமல் நிற்பதொன்றைத் தேடிப்பிடித்துப் படத்தை அதனோடு பொருத்தவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வர்ணம். செங்கல்லுக்குச் சிவப்பு, வார்ப்பிரும்புக்குச் சாம்பல், தேனிரும்புக்கு நீலம், பித்தளைக்கு மஞ்சள் என்று பூசுவது அந்தப் பரம்பரையின் சம்பிரதாயம். சிக்கனத்துக்காகக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால், கோடு மிஞ்சும். குழாய் எந்த உலோகம் என்ற செய்தி அழிந்துபோகும். பிற்காலத்தில் பழுது பார்த்தவர் பென்சிலால் மெல்லக் குறித்த வால்வின் இடமும் அதனோடு மறையும். அந்தக் குறிப்பைக் கண்டிருந்தால், நள்ளிரவில் குழாய் உடைந்த தெருவில் நிற்பவர், எந்த வால்வை மூடுவது என்று தேடித் தவிக்க வேண்டியதில்லை.

ஆகையால் இப்பணியில் இருப்பவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: படத்தின் இரு புறத்தையும் வர்ணத்தோடு பிரதி எடுங்கள், எடுத்து முடிந்தபின் மூலத்தைப் பழையதென்று கழித்துவிடாமல், மடிக்காமல், ஈரம் படாத இடத்தில் விரித்து வையுங்கள்.