காச நோயும் சென்னை ஆராய்ச்சியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார வண்டியில் பயணம் செய்த அன்பர்கள், குரோம்பேட்டையை அடுத்துத் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வருவதைக் கண்டிருப்பர். ஊரின் பெயரை நிலையத்திற்கு இடுவது ரயில்வேயின் வழக்கம். இந்நிலையமோ ஒரு மருத்துவமனையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1928-ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து என்னும் தமிழர். அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் நடுவே காச நோயாளருக்கென ஒரு சானடோரியம் நடத்திப் புகழ் பெற்றவர். கணித மேதை ராமானுஜன் 1917-இல் நோயுற்றபோது சில காலம் அவருடைய சிகிச்சையில் இருந்தார். தாம்பரத்தில் அவர் தொடங்கிய நிலையத்தை 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

சானடோரியத்தில் அன்று அளித்த சிகிச்சை யாது? நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு. இவற்றுக்கு மேல் கொடுக்க அக்காலத்தில் மருந்து இல்லை. என்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய அந்நோய் ஒருவரைப் பற்றினால், அவரைக் குடும்பத்தினின்று பிரித்து, ஊருக்கு வெளியே மரங்களுக்கிடையே மாதக்கணக்கில் படுக்க வைப்பதே அறிவியல் முறை என்று உலகெங்கும் கருதப்பட்டது. செல்வர்க்கு அது இயலும். கூலி வேலை செய்து அன்றாடம் உலை வைக்கும் குடும்பத் தலைவனுக்கு? நாட்டில் நோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன.

மருந்து 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவே ஸ்ட்ரெப்டோமைசின். அதன் ஆற்றலை அளந்தறிய இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மேற்கொண்ட சோதனையின் முடிவு 1948-இல் வெளியாயிற்று. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதை டாக்டரின் விருப்பத்திற்கு விடாமல், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் தீர்மானித்தனர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் மாண்டவர் 4 பேர். பெறாத 52 பேரில் 14 பேர். ஆயினும் மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. சில மாதங்களில் கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுத்தன. காரணம் எளிது. புண்பட்ட நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளில், ஒரு மருந்துக்கு இயல்பாகவே அசையாத சில கிருமிகள் இருக்கும். மற்றவை மடிய, அவை மட்டும் பெருகும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் சாகும். பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், 1952-இல் வந்த ஐசோனியாசிட் என்னும் மலிவான மாத்திரையும் கைக்குக் கிட்டியபின் இச்சேர்க்கை கூடிற்று.

இவ்விரண்டும் வாயால் உட்கொள்ளக்கூடியவை. அப்படியானால் நோயாளி மருத்துவமனையில்தான் படுத்திருக்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காணவே 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காச நோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூட்டுச் சேர்ந்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில டாக்டர் தலைமை தாங்கினார்.

சென்னை நகரத்து ஏழை எளியோரிடையே சளியில் கிருமி கண்ட 193 நோயாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குலுக்கல் முறையிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் சானடோரியத்திற்கும், மறுபாதியினர் தத்தம் வீட்டிற்கும் அனுப்பப்பட்டனர். இரு பிரிவினர்க்கும் மருந்து ஒன்றே, காலமும் ஓராண்டே. வீட்டிலிருந்தோர் நெருக்கமான ஒற்றை அறைகளில் மனைவி மக்களோடு வாழ்ந்தனர். அவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. நிலையத்து ஊழியர்கள் அவர்கள் இல்லங்களுக்குச் சென்று, மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்று கணக்கிட்டனர். சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர். மனிதன் சொல்லும் வாக்கைவிடச் சிறுநீர் சொல்லும் வாக்கை அவர்கள் நம்பியதில் தவறொன்றும் இல்லை.

முடிவு 1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நோய் தணிந்தவர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். சானடோரியத்தில் இருந்தவர்கள் சராசரி ஏறத்தாழ 20 பவுண்டு எடை கூடினர்; வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 11 பவுண்டே கூடினர். எடையில் இத்துணை வேறுபாடு இருந்தும், நோய் தீர்வதில் பெரிய வேறுபாடு இல்லை! மேலும் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோதும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். காற்றும் மரநிழலும் செய்வதாக ஒரு தலைமுறை நம்பியிருந்ததைக் குடிசைக்குள் மாத்திரை செய்து முடித்தது.

எனினும், இவ்வாராய்ச்சியின் தலையாய பகுதி வேறு என்பது அடியேன் கருத்து. நோயாளி வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகளுக்குத் தொற்றாதா? இவ்வச்சமே அவரைப் பிரித்து வைத்ததன் அடிப்படை. ஆராய்ச்சியாளர் இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டு பரிசோதித்தனர். நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் இருந்த குழந்தைகளுக்கு, நோயாளியைச் சானடோரியத்திற்கு அனுப்பிய வீட்டுக் குழந்தைகளைவிட அதிகமாக நோய் வரவில்லை. சிகிச்சை தொடங்கியபின் நோயாளியால் நேரும் அபாயம் விரைவில் குறைகிறது. தொற்று பரவுவது பெரும்பாலும் நோய் இன்னதென்று அறியாமல் இருமிக்கொண்டிருந்த முந்தைய மாதங்களிலேயே. ஆகவே, அஞ்சத்தக்கவர் மருந்துண்ணும் நோயாளி அல்லர். நோயை மறைத்து வைத்திருப்பவரே.

இதனை நம் காலனிகளில் எத்தனை பேர் அறிவர்? காச நோயாளர் சிகிச்சைக்காகப் பயணம் செய்தால் அவருக்கும் துணை செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 75 பங்கு சலுகை உண்டு. மருத்துவமனை கையொப்பமிட்ட படிவத்தைக் காட்டினால் போதும். நான் பணிபுரியும் முன்பதிவு அலுவலகத்தில் அப்படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே முழுக் கட்டணம் செலுத்திச் சென்றவர்களைக் கண்டிருக்கிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர் நம் ஊர்க்காரராக இருந்து, செய்தி தெருவுக்குள் பரவி, வீட்டிலுள்ள பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோகுமே என்ற அச்சம்! இளம் மனைவியரைப் ‘பிறந்த வீட்டில் ஓய்வு’ என்று சொல்லித் திருநெல்வேலிக்கு வண்டி ஏற்றுவதும் நாம் அறியாததன்று. நகரில் தொடங்கிய மருந்து அங்கே தொடர்ந்ததா என்று கேட்பவர் அரியர்.

சேத்துப்பட்டின் முடிவைக் கொண்டே 1962-இல் தேசியக் காச நோய்த் திட்டம் வகுக்கப்பட்டது. பிற நாடுகளும் படிப்படியாகச் சானடோரியங்களை மூடின. வீட்டுச் சிகிச்சையில் ஓர் இடர் உண்டு என்பதையும் அந்நிலையத்தாரே முதலில் உணர்ந்தனர். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஆதலின் வாரம் இருமுறை ஊழியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை 1960-களில் ஆராய்ந்து வெற்றி கண்டனர். பிற்காலத்தில் உலகமெங்கும் ‘டாட்ஸ்’ என்று வழங்கிய முறைக்கு அதுவே முன்னோடி. ரிபாம்பிசின் வந்தபின் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியது.

இனி நம் தாராவிக்கு வருவோம். மருத்துவ நூல்களில் தாராவிக்கும் ஓர் இடம் உண்டு. அது பெருமைப்படத்தக்க இடமன்று. டாக்டர் முகுந்த் உப்லேகரும் டொனால்டு ஷெப்பர்டும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், இங்குள்ள தனியார் டாக்டர்கள் நூறு பேர் ஒரே காச நோய்க்கு 80 விதமான மருந்துச் சீட்டுகளை எழுதினர் எனக் கண்டனர். இருபதாண்டு கழித்து, 2010-இல் டாக்டர் ஜரீர் உத்வாடியாவும் அவர் குழுவினரும் அதே பகுதியில் மீண்டும் கேட்டனர். 106 டாக்டர்கள் 63 விதமாக எழுதினர்; பிழையற எழுதியவர் அறுவரே. சென்னையில் ஒரு மருந்துச் சேர்க்கையை உறுதி செய்ய 193 பேரை ஓராண்டு கண்காணித்த உழைப்பு எங்கே, இது எங்கே! டாக்டர்களை மட்டும் நொந்து பயனில்லை. ஒரு நாள் கூலி போகுமென்று மாநகராட்சி மருத்துவமனையின் வரிசையைத் தவிர்த்து, தெருமுனை டாக்டரிடம் சென்று, பத்து நாளில் குணமில்லையென்று அடுத்த தெரு டாக்டரிடம் மாறுவோரும் நாமே.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. தாராவிக்கு அண்மையில், மாஹிமில் உள்ள ஹிந்துஜா மருத்துவமனையில், சோதித்த எல்லா மருந்துகளுக்கும் அடங்காத காச நோய் நால்வருக்குக் கண்டதாக 2011-ஆம் ஆண்டின் இறுதியில் உத்வாடியா குழுவினர் அறிவித்தனர். அந்நோய்க்கு இட்ட பெயரை அரசாங்கம் மறுத்தது. நோயை மறுக்க இயலவில்லை. 2012 மே மாதம் முதல், தனியார் டாக்டரும் ஒவ்வொரு காச நோயாளியைப் பற்றியும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது.

மருந்துக்கு அடங்காத நோய்க்குப் பழைய சிகிச்சை இரண்டாண்டு வரை நீளும். ஊசிகள் செவிப்புலனையே பறிப்பதுண்டு. மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் குடற் காசத்திற்காகப் பெற்ற அத்தகைய சிகிச்சையால் 2013-இல் செவித்திறனை இழந்தவர். புதிய மருந்தான பெடாக்விலினுக்கு உற்பத்தி நிறுவனம் காப்புரிமையை நீட்டிக்கக் கோரியபோது, தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயுடன் சேர்ந்து அவர் எதிர்ப்பு மனுச் செய்தார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அக்கோரிக்கையை நிராகரித்தது. பிற நிறுவனங்களும் அம்மருந்தைச் செய்து விலை குறைய வழி பிறந்தது. ஊசியின்றி, ஆறு மாதத்தில் முடியும் மாத்திரைச் சேர்க்கையை 2024-இல் அரசாங்கம் ஏற்றது.

உணவைப் பற்றிய பழைய கேள்வி ஒன்று மட்டும் எஞ்சி நின்றது. மருந்துண்பவர் குணமாவதற்கு உணவுக் குறை தடையன்று என்று சென்னை காட்டியது. அதனால் உணவு வேண்டியதில்லை என்று சிலர் பொருள் கொண்டனர். அப்பொருள் பிழை என்பதை ஜார்க்கண்டில் நடந்த ஆராய்ச்சி விளக்கிற்று. டாக்டர் அனுராக் பார்கவா தலைமையில், சேத்துப்பட்டு நிலையத்தின் ஒத்துழைப்போடு, 2,800 நோயாளரின் குடும்பத்தார் 10,345 பேரை 2019 முதல் 2022 வரை கவனித்தனர். நோயாளர் அனைவர்க்கும் உணவுப் பொருள் கொடுத்து, ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கினர். அப்பிரிவில் புதிதாக நோய் கண்டவர் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தனர். நோயாளியைத் தேற்றுவது மாத்திரை. அவரைச் சுற்றியுள்ளோரைக் காப்பதில் அரிசிக்கும் பருப்புக்கும் பங்குண்டு.

நோயாளியின் உணவுக்கென அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறது. தனியார் டாக்டரிடம் சிகிச்சை பெறுவோரும், பெயர் பதிவாகியிருந்தால், இதனைப் பெறலாம்.