கொக்கிப்புழுவும் லயங்களும்

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றிப் படித்தவர்கள் அட்டைக்கடியை அறிவார்கள். அட்டையைக் கண்ணால் காணலாம், உப்பிட்டு உதிர்க்கலாம். அதே வெறுங்காலின் வழியே ஓசையின்றி உட்புகுந்த கொக்கிப்புழுவைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

இப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் பொரிகிறது. சில நாட்களில் அது தோலைத் துளைக்கும் வலுவைப் பெற்றுவிடும். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், புழுக்கள் இருந்த நீர் தம் கையில் சிந்தியதால் தற்செயலாக இதைக் கண்டறிந்தார். குடலில் குடியேறிய புழுக்கள் நாள்தோறும் இரத்தம் குடிக்க, மனிதன் வெளிறிப் போகிறான். நாலடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இத்தகையோரைச் சோம்பேறிகள் என்று துரைமார் ஏசியது தனிக்கதை.

காப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து சென்றோரில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. பின்னர் வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்களிலேயே தங்கின. கக்கூஸ் அரிது, ஒதுங்கும் சரிவும் வேலை செய்யும் சரிவும் அருகருகே. கூலியில் கழித்துக் கொடுக்கப்பட்ட அரிசியே முதன்மை உணவு என்னும்போது, இழந்த இரத்தம் எங்கிருந்து ஊறும்? வேறிடம் போகலாமென்றால், கடன் தொகை எழுதிய 'துண்டு' இருந்தது. அக்கடனை அடைக்க இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் விடுதலை. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது.

1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் சிகிச்சையைத் தொடங்கினர். சோதிக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. செனோபோடியம் எண்ணெய் புழுக்களை வெளியேற்றியது; ஆனால் குணமானவர் மறுநாள் அதே சரிவில்தான் வெறுங்காலுடன் நின்றார். மீண்டும் தொற்றியது. கக்கூஸ் கட்டினால்தான் பயன் என்று மருத்துவர்கள் வற்புறுத்தினர். மருந்து மலிவு, கட்டடம் செலவு என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. 'கூலிகளின் பழக்கம்' என்ற சொல்லும் அவர்களுக்குக் கைகொடுத்தது. கக்கூஸே இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தும் பழக்கம் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றுகிறது நமக்கு.

1926இல் அறக்கட்டளையின் துணையோடு இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அது மலைநாட்டில் அல்ல, களுத்துறையில்.