உழவரின் உபரியும் பள்ளிப் பிள்ளையின் தட்டும்



எங்கள் பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டத்தின்கீழ் உணவு பெறும் மாணவர்கள் வரிசையில் நிற்பதை நாள்தோறும் காண்கிறேன். "இந்தச் சாப்பாட்டை யார் ஐயா கொடுக்கிறார்கள்?" என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அண்மையில் வினவினான். அரசாங்கம் என்றேன். ஏன் கொடுக்கிறது என்பதையும் அவனுக்குச் சொல்லியிருக்கலாமே என்று பின்னர் தோன்றியது. அவ்வினாவுக்கு அமெரிக்க வரலாறு தரும் விடை சிந்திக்கத் தக்கது.

1930களின் பொருளாதார மந்தத்தில் அந்நாட்டு விளைபொருள்கள் விலைபோகாமல் தேங்கின. விலையை உயர்த்துவதற்காக 1933இல் ஏறத்தாழ 6 மில்லியன் பன்றிகள் கொல்லப்பட்டன. மக்கள் பசித்திருக்க உணவை அழிப்பதா என்று கண்டனம் எழுந்தது. 1935இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 32ஆம் பிரிவு, சுங்க வருவாயில் 30 விழுக்காட்டை வேளாண் துறைக்கு ஒதுக்கியது. அப்பணத்தைக் கொண்டு அரசு உபரியை வாங்கிப் பள்ளிகளுக்கும் வழங்கியது. சந்தையில் எது தேங்கியதோ அதுவே பிள்ளைகளின் தட்டுக்கு வந்தது.

1937இல் சுமார் 3,800 பள்ளிகள் இப்பொருள்களைப் பெற்றன. 1942இல் அவ்வெண்ணிக்கை 92,900ஐ எட்டியது. 6 மில்லியன் பிள்ளைகள் உண்டனர். ஆனால், போர் முற்றியதும் உணவு படையினருக்குச் சென்றது, உபரி குன்றியது. 1944 ஏப்ரலில் எஞ்சியவை சுமார் 34,000 பள்ளிகளே. பிள்ளைகளின் பசி குறையவில்லை. கிடங்கின் இருப்புத்தான் குறைந்தது!

1946 ஜூன் 4ஆம் நாள் அதிபர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். திட்டம் நிலைபெற்றது. பிள்ளைகளின் நலம் காத்தல், உள்நாட்டு விளைபொருள்களின் நுகர்வைப் பெருக்குதல் ஆகிய இரண்டையும் அச்சட்டம் தன் நோக்கங்களாக அறிவித்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவளிக்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால், ஏழை யார் என்று முடிவு செய்யும் பொறுப்பு உள்ளூரினரிடமே விடப்பட்டது. அதன் விளைவைப் பெண்கள் அமைப்புகள் ஐந்து இணைந்து 1968இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: ஏறத்தாழ 50 மில்லியன் பள்ளிப் பிள்ளைகளுள் 2 மில்லியனுக்கும் குறைவானோரே அச்சலுகையைப் பெற்றனர். 1970ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே அதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான வரையறையைக் கொணர்ந்தது.

அவ்வுபரி நம்மவரையும் எட்டியது. காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திற்கு 1961 முதல் 'கேர்' அமைப்பின் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்கள் வந்தன.

உழவரிடம் வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டுவது நற்செயலே. அதனை நான் குறைகூறவில்லை. ஆனால், எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்து ஊட்டும் அரசு, மிச்சம் தீர்ந்ததும் கைவிட்டுவிடும். எத்தனை பிள்ளைகள் பசித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து ஊட்டும் அரசே நிலைத்து ஊட்டும். அந்தப் பாடத்தைக் கற்க அமெரிக்காவுக்கு 35 ஆண்டுகள் ஆயின.

அம்மாணவனுக்கு இனி இவ்வாறு விடை கூறுவேன்: "உனக்குப் பசிக்கும் என்பதால் கொடுக்கிறார்கள், தம்பி. வேறு காரணம் எதுவும் தேவையில்லை."